இல்லாத காலேஜுக்கு ஒரு பஸ் ஸ்டாப்!

இந்த வாரம் ஒரு குட்டி கேள்வியோட ஆரம்பிக்கலாமா?

கோயமுத்தூர் காந்திபுரத்துல பஸ் ஏறி, அவிநாசி ரோட்டுல பீளமேடு தாண்டி வாங்க. கண்டக்டர் அண்ணன் ஒரு குரல் கொடுப்பார். ‘ஹோப் காலேஜ்... ஹோப் காலேஜ் எறங்கறவங்க எல்லாம் முன்னால வாங்க!’ ஐ.டி. கம்பெனிக்குப் போற கூட்டம், சிங்காநல்லூர் பக்கம் திரும்பற கூட்டம்னு பாதி பஸ் அங்கேயே காலியாயிடும். கேள்வி இதுதான்: அந்த ஹோப் காலேஜ் எங்கே இருக்கு?

தேடிப் பாருங்க. பேக்கரி இருக்கும், மொபைல் கடை இருக்கும், சிக்னல்ல ஹாரன் அடிக்கிற வண்டிங்க இருக்கும். ஆனா அந்தப் பேர்ல ஒரு காலேஜ் இருக்காது! ரெண்டு வருஷத்துக்கு மேல தினமும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் நான் காலேஜுக்குப் போறேன். ஒரு நாள்கூட தோணினதில்லை. லீவுக்கு வந்த என் தம்பி, பத்தாவது படிக்கிறான், ‘ஏண்ணா, ஹோப் காலேஜ்ல என்னென்ன கோர்ஸ் இருக்குது?’ன்னு கேட்டான். நான் முழிச்ச முழியைப் பார்த்து பஸ்ல ஒரு பாட்டி சிரிச்சுட்டாங்க.

சரி, தம்பிக்காகத் தேடினேன். தேடப் போனா அந்தப் பேருக்குப் பின்னால ஒரு பெரிய சண்டையே இருக்கு. அதுவும் நம்ம எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட சண்டை. ‘இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு?’ன்னு ஒரு மனுஷன் போட்ட சண்டை!

மூணாங்கிளாஸ்... ஸாரி, மோட்டார் கிளாஸ்!

அந்த மனுஷன் பேரு உங்களுக்குத் தெரியும். ஹோப் காலேஜ் ஸ்டாப்புல நின்னு மேலே பார்த்தா ஒரு மேம்பாலம் போகுதே... உப்பிலிபாளையத்துலேருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபர்ல திறந்தாங்களே... அந்தப் பாலத்தோட பேர்தான். ஜி.டி.நாயுடு.

1893-ல சூலூர் பக்கத்துல கலங்கல் கிராமத்துல பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம்னாலே அவருக்கு அலர்ஜி. தொடக்கப் பள்ளியோட டாட்டா காட்டிட்டார். வாலிப வயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல போறதைப் பார்த்திருக்கார். மாடும் இல்லாம, குதிரையும் இல்லாம ஒரு வண்டி எப்படி ஓடுது? அந்தக் கேள்வி அவரைத் தூங்க விடலை. கோயமுத்தூருக்கு வந்தார். ஒரு ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்தார். சேர்த்த காசுல அதே மாதிரி ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கி என்ன பண்ணினார்? நாமளா இருந்தா அன்னிக்கே வ.உ.சி. பார்க் பக்கம் ஒரு ரவுண்டு! அவர் அதை அக்கக்காப் பிரிச்சுப் போட்டார். அப்புறம் திரும்ப மாட்டினார். அதுதான் அவர் படிச்ச ‘ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்’. செமஸ்டர் இல்லை, இன்டர்னல் இல்லை, அரியரும் இல்லை.

1920-ல பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ்ஸை விட்டார். ஓட்டுநரும் அவரே. அது வளர்ந்து யு.எம்.எஸ். ஆச்சு. 1937-ல டி.பாலசுந்தரத்தோட சேர்ந்து ஒரு மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. இன்னிக்குக் கோயமுத்தூர்னா பம்பு, மோட்டார்னு ஊரே அறியுதே... அந்தக் கதையோட ஆரம்பப் பக்கங்கள்ல இந்த மோட்டார் இருக்கு.

ஸோ, இப்படி ஒருத்தர் காலேஜ் ஆரம்பிச்சா எப்படி இருக்கும்?

ராஜினாமா!

1945. நாயுடு அள்ளிக் கொடுத்த நன்கொடையில கோயமுத்தூர்ல ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் வந்தது. அப்போ சென்னை மாகாண கவர்னரா இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். அவர் பேரையே வெச்சாங்க. ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக், ஆர்தர் ஹோப் இன்ஜினியரிங் காலேஜ். அந்த ‘ஹோப்’தான் நம்ம பஸ் ஸ்டாப்! நம்பிக்கைன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னா, ஸாரி பாஸ், அது ஒரு கவர்னரோட பேரு.

பள்ளிக்கூடத்தையே முடிக்காத நாயுடு, அந்தக் காலேஜுக்கு முதல்வரா இருந்தார். யோசிச்சுப் பாருங்க... டி.சி. வாங்கின பையன் பிரின்சிபால்! இருந்தவர் சும்மா இருந்தாரா? ‘நாலு வருஷப் படிப்பு மாணவர்களோட நேரத்தை வீணாக்குது. இதைச் சொல்லிக் கொடுக்க ரெண்டு வருஷம் தாராளமாப் போதும்’னு சொன்னார். அன்னிக்கிருந்த பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கலை. நாயுடு பதவியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டார்.

காலேஜ் பிற்பாடு இடம் மாறி, தடாகம் ரோட்டுல இப்போ இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆச்சு. நம்ம ஊர்ல ‘ஜி.சி.டி.’ன்னு சொன்னா ஆட்டோக்கார அண்ணன் நேரா கொண்டு போய் விடுவார். அங்கேயும் பி.இ. நாலு வருஷம்தான். எங்க காலேஜ்லயும் நாலு வருஷம்தான். சண்டை போட்டவர் தோத்தார். கவர்னர் பேரு பஸ் ஸ்டாப்புல தங்கிடுச்சு. தோத்தவர் பேரு எண்பது வருஷம் கழிச்சு அதுக்கு மேலே பாலமா வந்து நிக்குது.

கதையை இதோட முடிச்சிருக்கலாம். ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. காரணம் சொல்றேன். கொஞ்சம் வெட்கமான காரணம்.

50-க்கு 46

நான் ட்ரிப்பிள் ஈ மூணாவது வருஷம். போன செமஸ்டர்ல மினி ப்ராஜெக்ட். நாலு பேர் டீம். தண்ணித் தொட்டி நிரம்பினா மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஒரு கன்ட்ரோலர். நாங்க பண்ணினோமா? இல்லைங்க. வாங்கினோம். ஆளுக்கு இவ்வளவுன்னு காசு போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல கிட், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் சேர்த்து. ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல எங்க அப்பா அம்மாவுக்கு நாங்க நன்றி சொல்ற பாரா இருந்தது. அதைக்கூட நாங்க எழுதலை!

(‘என்னது, காசு கொடுத்தா? சாட்ஜிபிடியே ஃப்ரீயாப் பண்ணித் தருதே’ன்னு ஜூனியர் பசங்க சிரிக்கறது கேக்குது. ரெண்டும் ஒண்ணுதான் தம்பிகளா.)

வைவா. எக்ஸ்டர்னல் சார் கேட்டார். ‘மோட்டாரை ஆன் பண்றது எது?’

‘ரிலே சார்!’ கோரஸ்.

‘வெரிகுட். நடுவுல இந்த ட்ரான்சிஸ்டர் எதுக்கு? மைக்ரோகன்ட்ரோலர்லேருந்து நேரா ரிலேவுக்குக் கொடுத்தா என்ன?’

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். சார் எங்களையே பார்த்தார். அப்புறம் ஒண்ணும் பேசாம ஷீட்டுல ஏதோ எழுதினார். மார்க் வந்தது: 50-க்கு 46.

திட்டியிருந்தா பரவாயில்லை. ஃபெயில் ஆக்கியிருந்தாக்கூட ஒரு வாரம் அழுது முடிச்சிருப்பேன். அந்த 46 தான் இன்னிக்கும் உறுத்துது. ‘உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், போயிட்டு வா’ன்னு கொடுத்த மார்க் அது. நாயுடு கேட்ட கேள்வியை இங்கே போட்டுப் பாருங்க. நாலு வருஷம் போதுமா, ரெண்டு வருஷம் போதுமாங்கறது இருக்கட்டும். தொடாமப் படிச்சா நாற்பது வருஷம் போதுமா?

சட்டாம்பிள்ளை லண்டன் போன கதை

படிப்புன்னா எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சான்னு இன்னும் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தேன்.

1822-ல சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம் இருக்குன்னு கணக்குக் கேட்டார். கோயமுத்தூர் கலெக்டரா இருந்தவர் ஜான் சல்லிவன். ஆமா, ஊட்டியை உருவாக்கின அதே சல்லிவன்தான். அவர் கொடுத்த கணக்குப்படி அன்னிக்குக் கோயமுத்தூர் ஜில்லாவுல 763 பள்ளிக்கூடங்கள்! அஞ்சு வயசுல சேர்ந்து, பதிமூணு பதினாலு வயசு வரைக்கும் படிச்சாங்களாம்.

எல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடம். மணல்ல விரலால எழுதிப் பழகணும், அப்புறம் ஓலை. எண்சுவடியை மனப்பாடமா ஒப்பிக்கணும். வயசு வாரியா கிளாஸ் பிரிக்கிறது கிடையாது. ஒருத்தன் எவ்வளவு வேகமாப் படிக்கிறானோ அவ்வளவு வேகமாப் போகலாம். வாத்தியார் ஒருத்தர்தான். அதனால பெரிய பையன், சின்னப் பையனுக்குச் சொல்லித் தருவான். அவன்தான் சட்டாம்பிள்ளை. நம்ம கிளாஸ் ரெப் மாதிரி, ஆனா நிஜமாவே வேலை பார்த்தவன்!

இந்தச் சட்டாம்பிள்ளை முறையைப் பார்த்து அசந்து போனவர் ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியார். சென்னை எழும்பூர்ல ராணுவ அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்திக்கிட்டு இருந்தார். மணல் எழுத்தையும், பையனே பையனுக்குச் சொல்லித் தர்றதையும் அங்கே கொண்டு வந்தார். ஊருக்குத் திரும்பி 1797-ல புத்தகமாப் போட்டார். இங்கிலாந்துல அது ‘மெட்ராஸ் சிஸ்டம்’ங்கற பேர்லயே பரவுச்சு. நம்ம திண்ணை அவங்களுக்கு சிலபஸ் ஆயிடுச்சு.

ரொம்பவும் காலரைத் தூக்கி விட்டுக்க வேண்டாம். அந்தத் திண்ணைகள்ல பெண் பிள்ளைகள் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. 763-ங்கற நம்பரைப் பார்க்கறப்போ, அதுக்கு வெளியே நின்னவங்களையும் சேர்த்துப் பார்க்கணும்.

நூறு வருஷம் கழிச்சு, நம்ம பக்கமே ரெண்டு வித்தியாசமான முயற்சி. பீளமேட்டுல பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவோட நாலு பிள்ளைங்க, 1926-ல சொத்தை அஞ்சாப் பிரிச்சு, அஞ்சாவது பங்கைத் தர்மத்துக்குன்னு எழுதி வெச்சாங்க. அந்த அஞ்சாவது பங்குதான் பி.எஸ்.ஜி. அதே வருஷம் அவங்க ஆரம்பிச்ச இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுல படிப்பும் பட்டறையும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. 1951-ல பி.எஸ்.ஜி. டெக் வந்தப்பவும் பக்கத்துல ஃபேக்டரி ஓடிக்கிட்டு இருந்தது. படிப்பையும் ஃபேக்டரி வேலையையும் மாத்தி மாத்தி அடுக்கின ‘சாண்ட்விச்’ கோர்ஸ் அங்கே ரொம்பப் பிரபலம். அதுக்கு நாலு இல்லை, அஞ்சு வருஷம்!

இன்னொண்ணு, தி.சு.அவிநாசிலிங்கம் 1930-ல தொடங்கின ராமகிருஷ்ண வித்யாலயம். பெரியநாயக்கன்பாளையத்துல அதுக்கு 1934-ல அடிக்கல் நாட்டினவர் காந்தி. குருகுலம் மாதிரி. துணி துவைக்கிறது, பாத்திரம் கழுவறது, தோட்ட வேலை... எல்லாம் பசங்களே. கைவேலை வழியாப் படிப்புன்னு காந்தி வார்தாவுல ஆதாரக் கல்வியை முன்வெச்சது 1937-ல. அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே நம்ம ஊர்ல கை அழுக்காக ஆரம்பிச்சிருக்கு. அவிநாசிலிங்கம் 1946-லேருந்து 1949 வரைக்கும் மாகாணத்தோட கல்வி அமைச்சராவும் இருந்தார்.

‘ஆஹா, அப்போ எல்லாரையும் பட்டறைக்கு அனுப்பிடலாம். புக்கைத் தூக்கிப் போடு!’ன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. அங்கேதான் ஒரு பெரிய ஸ்பீட் பிரேக்கர்.

அரை நாள் பள்ளிக்கூடம்

1953. முதலமைச்சர் ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் மூணு மணி நேரம் மட்டும். மீதி நேரம் பிள்ளைங்க வீட்டுல அப்பா அம்மா செய்யற தொழிலைக் கத்துக்கணும். கேக்கறதுக்கு எப்படி இருக்கு? கைத்தொழில், செய்முறை, அனுபவம்... நாயுடு சொன்ன மாதிரியே இருக்கா?

இல்லைங்க. ஒரு வித்தியாசம் இருக்கு. மோட்டார் சைக்கிளைப் பிரிக்கணும்னு நாயுடு அவராவே ஆசைப்பட்டார். அவருக்குப் பிடிச்ச தொழிலை அவரே தேடிப் போனார். அரை நாள் திட்டத்துல, செருப்புத் தைக்கிறவர் பையன் செருப்புத் தைக்கக் கத்துக்கணும், வெளுக்கறவர் பொண்ணு வெளுக்கக் கத்துக்கணும். அவங்களை யாரும் கேக்கலை. அதனாலதான் பெரியாரும் தி.மு.க.வும் ‘குலக் கல்வி’ன்னு பேரு வெச்சுக் கடுமையா எதிர்த்தாங்க. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சர் ஆனார். மே மாசமே திட்டம் வாபஸ். அந்த அறிவிப்பைச் செஞ்ச அமைச்சர் யார் தெரியுமா? நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், பிற்பாடு பசுமைப் புரட்சிக்காகப் பேர் வாங்கின சி.சுப்பிரமணியம். திட்டம் வந்தப்பவும் அவர் அமைச்சரவையில இருந்தார். போனப்பவும் இருந்தார்!

ஸோ, ‘கையால கத்துக்கோ’ங்கற அதே வாக்கியம் ஒருத்தருக்குக் கதவைத் திறக்குது, இன்னொருத்தருக்குத் தாழ்ப்பாள் போடுது. எங்க கிளாஸ்ல முதல் பட்டதாரி சர்ட்டிஃபிகேட் கொடுத்துச் சேர்ந்தவங்க நிறையப் பேர். அவங்க வீட்டுல போய் ‘நாலு வருஷம் வேஸ்ட்டுங்க, ரெண்டு வருஷத்துல தொழில் கத்துக்கட்டும்’னு சொன்னா, விளக்குமாறு வரும். நியாயமான விளக்குமாறு. பரம்பரையா கையால வேலை பார்த்தவங்களுக்குப் பேப்பரோட மரியாதை தெரியும்.

அப்போ நாயுடு சொன்னது தப்பா? எனக்கே குழப்பம். அந்தக் குழப்பத்தோட இருக்கறப்பதான் எங்க வீட்டு மோட்டார் புகைஞ்சுது.

வைண்டிங் கடையில ஒரு வைவா

செம் லீவு. வீட்டுத் தண்ணி மோட்டார், அரை ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸ். ஒரு உறுமல், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அப்பாவும் நானும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்-ல வெச்சுக் கட்டி வைண்டிங் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்கார அண்ணனுக்கு நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். மூடியைக் கழட்டிக்கிட்டே கேட்டார்.

‘என்ன படிக்கறே கண்ணு?’

‘ட்ரிப்பிள் ஈ-ங்கண்ணா. தேர்டு இயருங்க.’

‘அட, நம்ம ஆளு! அப்ப நீயே சொல்லு. இதுல எது ஸ்டார்ட்டிங், எது ரன்னிங்?’

கருகின காப்பர் கம்பிக் கூட்டம். எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சுது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை நான் பதிமூணு மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியிருக்கேன் ஃப்ரெண்ட்ஸ். படத்துல ரெண்டு சுருளும் தனித்தனியா, அழகா, பக்கத்துல பேர் எழுதி இருக்கும். இங்கே யாரும் பேர் எழுதி வெக்கலை! அப்பா வேற பக்கத்துல நிக்கறார்.

அண்ணன் சிரிக்கலை. ஒரு கம்பியை எடுத்து விரல்ல உருட்டச் சொன்னார். இன்னொண்ணையும் உருட்டச் சொன்னார். ‘சன்னமா இருக்கறது ஸ்டார்ட்டிங். தடியா இருக்கறது ரன்னிங். இனி மறக்க மாட்டே.’ மறக்கலை. இன்னிக்கும் விரல்ல இருக்கு.

அவர் எட்டாவது வரைக்கும் படிச்சவர். பதினாலு வயசுல ஒரு கடையில சேர்ந்தாராம். ரெண்டு வருஷம் கடை கூட்டறதும், கருகின சுருளைப் பிரிச்சு எத்தனை சுத்துன்னு எண்றதும்தான் வேலை. பழசுல எத்தனை சுத்தோ, புதுசுலயும் அத்தனை சுத்து. எண்ணிக்கை தப்பினா மோட்டார் திரும்பக் கருகும். அப்புறம் அவரே கேட்டார்.

‘நான் ஒண்ணு கேக்கட்டுமா? சுத்து கொறஞ்சா ஏன் கருகுது? முப்பது வருசமா சுத்தறேன். கருகும்னு தெரியுது. ஏன்னு தெரியலை.’

முதல் தடவையா எனக்குப் பதில் தெரிஞ்ச கேள்வி! சுத்து குறைஞ்சா, அதே வோல்டேஜுக்கு இரும்புக்குள்ள காந்தப் பாயம் அதிகமாகும். இரும்பு ஒரு அளவுக்கு மேல தாங்காது. அப்போ மோட்டார் கரன்ட்டை அளவுக்கு மீறி இழுக்கும். கம்பி சூடாகிக் கருகும். தரையில சாக்பீஸ்ல கிறுக்கிக் காட்டினேன். அண்ணன் கையில இருந்த வேலையைக் கீழே வெச்சுட்டுக் கேட்டார். ஒரு ஃபார்முலாவை மார்க்குக்காக இல்லாம ஒரு ஆளுக்காகச் சொன்னது அன்னிக்குத்தான்.

கிளம்பறப்போ சொன்னார்: ‘எம் பொண்ணு பன்னண்டாவது. இன்ஜினியரிங்தான் போவேன்னு நிக்கறா. சேத்தித்தான் உடறேன். நான் அடுத்தவன் சுத்துனதை எண்ணிச் சுத்தறேன். எத்தனை சுத்தோணும்னு அவ சொல்லட்டும்.’

எனக்குக் கிடைச்ச பதில் அதுதான். அவர்கிட்ட ‘எப்படி’ இருந்துச்சு, ‘ஏன்’ இல்லை. எங்கிட்ட ‘ஏன்’ இருந்துச்சு, ‘எப்படி’ இல்லை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடை வாசல்தான் இருக்கு. ஆனா மூணு வருஷமா நான் அந்த வாசலை மிதிக்கலை.

ஜெர்மனியில இந்த வாசலைச் சட்டமாவே போட்டு வெச்சிருக்காங்க. தொழிற்பயிற்சி பெறுகிற பிள்ளைங்க வாரத்துல சில நாள் கம்பெனியில, சில நாள் தொழிற்பள்ளியில. தொழிலைப் பொறுத்து ரெண்டு வருஷத்துலேருந்து மூணரை வருஷம். 1969-லயே அதுக்குத் தனிச் சட்டம் வந்துடுச்சு. நமக்கும் வழி இல்லாம இல்லை. 2022-ல தொடங்கின ‘நான் முதல்வன்’ல ஸ்கில் கோர்ஸ்கள் வருது. அதை சர்ட்டிஃபிகேட் டவுன்லோட் பண்றதுக்காக மட்டும் ஓட்டிவிட்டா அது நம்ம தப்பு. (நானும் ஒண்ணை அப்படித்தான் ஓட்டினேன். இன்னிக்கு ஒப்புதல் வாக்குமூலம் ரொம்ப ஆகுது!)

நாயுடு சொன்ன ரெண்டு வருஷம் சரியா தப்பான்னு தீர்ப்புச் சொல்ற தகுதி எனக்கு இல்லை. ஆனா ஒண்ணு தோணுது. நாலு வருஷம்ங்கறது நிறைய பேர் போராடி வாங்கின நேரம். அரை நாள் பள்ளிக்கூடத்தை எதிர்த்து வாங்கின முழு நாள் மாதிரி. அந்த நேரத்தை யாரும் குறைக்க வேண்டாம். அதை நாமளே காசு கொடுத்து அடுத்தவன்கிட்ட வித்துடாம இருந்தாப் போதும்.

உங்களுக்கு ஒரு ஹோம் ஒர்க்

சண்டேல ஒரே ஒரு நாள். உங்க டிபார்ட்மென்டுக்குச் சொந்தமான ஒரு கடையை உங்க ஊர்லயே கண்டுபிடிங்க. மெக்கானிக்கலா? லேத் பட்டறை. ட்ரிப்பிள் ஈ? வைண்டிங் கடை. டெக்ஸ்டைலா? சோமனூர் பக்கம் தறி ஓடற சத்தம் கேக்குற வீடு. அக்ரியா? கேக்கவே வேண்டாம், தோட்டம். போய் ‘அண்ணா, நான் இந்தப் படிப்புத்தான் படிக்கறேனுங்க, கொஞ்ச நேரம் பாத்துக்கட்டுங்களா?’ன்னு கேளுங்க. நம்ம ஊர்ல யாரும் துரத்த மாட்டாங்க. டீ வாங்கிக் கொடுப்பாங்க. முக்கியமான விஷயம், அவங்க கேக்கற கேள்விக்கும் தயாராப் போங்க.

என் ஹோம் ஒர்க்? லீவு முடியறதுக்குள்ள நாலு நாள் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு சுருள் நானே சுத்தினேன். ‘லூசா இருக்குது கண்ணு, பிரிச்சுடு’ன்னுட்டார். ரெண்டாவதும் பிரிச்சார். மூணாவதை ஒண்ணும் சொல்லாம ஸ்லாட்ல இறக்கிட்டார். 46 மார்க்கை விட அது பெருசா இருந்தது.

அடுத்த வாரம் ப்ளேஸ்மென்ட் செல்லுக்கு ரெஸ்யூமே கொடுக்கணும். ‘ப்ராஜெக்ட்ஸ்’னு ஒரு கட்டம் இருக்கு. அந்த வாட்டர் லெவல் கன்ட்ரோலரை டைப் பண்ணினேன், அழிச்சேன். டீம்ல மத்த மூணு பேரும் போட்டிருக்காங்க, ‘லூசாடா நீ?’ன்னு கேக்கறாங்க. கட்டம் இப்போதைக்குக் காலியாத்தான் இருக்கு. பார்ட்ஸ் வாங்கி, அந்த ட்ரான்சிஸ்டர் எதுக்குன்னு புரிஞ்சு, நானே ஒண்ணு பண்ணி முடிக்க ஆறு நாள் இருக்கு.

தம்பிக்கு மட்டும் பதில் சொல்லிட்டேன். ‘டேய், ஹோப் காலேஜ்ல இப்போ கோர்ஸ் எதுவும் இல்லைடா. ஒரு கேள்விதான் இருக்கு.’ அவன் ‘போண்ணா, மொக்கை போடாதே’ன்னு போனை வெச்சுட்டான்.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம், பை!